வெறுங்காலும் வெளிநாட்டுப் புகழும்

மட்டக்களப்பு வாவிக்கரையை அண்டிய கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும், மாலை வேளைகளில் மணற்றரையிலே பந்துதைக்கும் சிறுவரை நாம் காண்கின்றோம். அவர்களுட் பலர் இன்றும் வெறுங்காலுடனேயே ஆடுகின்றனர். இதை எவரும் அதிசயமாக எண்ணுவதில்லை; எந்தப் பத்திரிகையும் எழுதுவதுமில்லை. ஆனால், வெறுங்காலுடன் ஆடிய ஒருவர் ஸ்கொத்லாந்துக்குப் போய் ஆடினார் என்றவுடன் அது காவியப் பொருளாகிவிடுகின்றது. முகமது சலீம் என்னும் கல்கத்தா ஆட்டக்காரரின் வரலாறு இவ்வாறுதான் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாறு எழுதும் முறையையே இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதலிற் செய்திகளைப் பார்ப்போம். கல்கத்தாவின் மேட்டியாபுரூசைச் சேர்ந்த சலீம், பல கழகங்களில் ஆடியபின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் நிலைபெற்றார். அக்கழகம் 1934ஆம் ஆண்டு கல்கத்தா லீக் வெற்றியைப் பெற்றது. அதுவரை ஆங்கிலேயப் படையணிகளும் வெள்ளையர் கழகங்களுமே அனுபவித்துவந்த அப்பட்டத்தை ஓர் இந்தியக் கழகம் பெற்றது அதுவே முதன்முறை. 1936இல், உறவினர் ஒருவரின் தூண்டுதலாற் பிரித்தானியா சென்ற சலீம், கிளாஸ்கோவின் செல்ரிக் கழகத்தில் திறமைகாட்ட வாய்ப்புப் பெற்றார். கழக நிர்வாகி வில்லி மேலி அவரைப் பரீட்சித்து ஏற்றுக்கொண்டார். கட்டுத்துணி சுற்றிய வெறும் பாதங்களுடன் இரண்டாம் அணிக்கு அவர் ஆடிய இரு ஆட்டங்களுள் ஒன்றில் ஹமில்ட்டன் அணி 5-1 என்றும், மற்றதிற் கால்ஸ்ரன் அணி 7-1 என்றும் தோற்றன. சில மாதங்களுக்குள் ஊர் நினைவு மேலிட அவர் கல்கத்தா திரும்பினார். தம் பழைய கழகத்துக்கே மீண்டும் ஆடினார்.

இவ்வளவுதான் வரலாறு. இதன்மேற் கட்டப்பட்ட கதைகளோ பல. அன்றைய ஸ்கொத்லாந்துப் பத்திரிகை அவரை இந்தியச் செப்படிவித்தைக்காரர் என வருணித்தது. இது பாராட்டுத்தான், ஆயினும் இப்பாராட்டுக்குள் ஓர் இழிவு ஒளிந்திருக்கின்றது. வெள்ளைக்கார ஆட்டக்காரன் திறமைகாட்டினால் அது பயிற்சியின் பயன். கீழைத்தேயத்தவன் திறமைகாட்டினால் அது மாயவித்தை! ஆண்டுக்கணக்காக மைதானத்திற் சிந்திய வியர்வையை ஒரே சொல்லில் அழித்துவிடும் பாராட்டு இது.

நம்மவர் எழுதியவையும் இதற்குக் குறைந்தவையல்ல. 1911இல் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்சயர் படையணியை 2-1 என வென்றது முதலாக, வெறுங்கால் தேசபக்தியின் சின்னமாகிவிட்டது. சலீமும் அச்சின்னத்துள் அடக்கப்பட்டார். உண்மை என்ன? சலீமின் சொந்தக் கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங்கே, மழைக்காலத்து ஈரத்தரையில் ஆடுவதற்காகச் சப்பாத்து அணியப் பழகிக்கொண்ட கழகம். அதன் தொடர்ச்சியான வெற்றிகளுக்கு இதுவும் ஒரு காரணம். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே யுகோசிலாவியாவிடம் 10-1 என இந்திய அணி தோற்றதன் பின்னரே, சப்பாத்து இன்றியமையாதது என்பது அங்கு முடிவாயிற்று. வெறுங்காலை வழிபட்ட கவிதை மனம், சப்பாத்து வாங்க வசதியற்ற ஏழைச் சிறுவனின் காலில் முள் தைப்பதைப் பார்க்கத் தவறிவிட்டது. வறுமையை அழகாக்கிக் காட்டும் எழுத்து, வறியவனுக்கு ஒருபோதும் துணையாகாது.

சலீம் கடல் கடந்த அதே ஆண்டிலே சீன ஒலிம்பிக் அணியும் பயணம் செய்தது. பெர்லின் செல்வதற்குப் பணம் போதாமையால், லீ வாய் தொங் முதலிய சீன ஆட்டக்காரர் ஆசிய நகரங்கள்தோறும் ஆடி, அந்த வருவாயிலேயே பயணச் செலவைத் தேடிக்கொண்டனர். கல்கத்தாவில் அவர்களை எதிர்த்து ஆடியவர்களுள் சலீமும் ஒருவர். பெர்லினிற் பிரித்தானிய அணி 2-0 என அவர்களை வென்றது. பதிவேட்டில் அத்தோல்வி மட்டும் நிற்கின்றது. வழிநெடுக உழைத்துத் தேடிய பயணத்துக்கு அங்கு இடமில்லை. சீனத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1914இல் இங்கிலாந்திற் பிறந்த பிராங்க் சூ, ஸ்ரோக் சிற்றி கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். உலகயுத்த காலத்தில் இங்கிலாந்துக்காக ஒன்பது ஆட்டங்கள் ஆடினார். யுத்தகால ஆட்டங்கள் உத்தியோகபூர்வமானவை அல்ல என்பதால் அவை கணக்கில் ஏறவில்லை. சலீம் ஆடியவையும் முதலணி ஆட்டங்கள் அல்ல. எது கணக்கில் ஏறும், எது ஏறாது என்பதைத் தீர்மானிப்பவர் மைதானத்தில் வியர்ப்பவர் அல்லர் என்பதை இவ்விருவர் வாழ்வும் உணர்த்துகின்றன.

பிறரைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்சிற் பிறந்து வளர்ந்த விமல் யோகநாதன் என்னும் இளைஞர் 2024இல் பார்ன்ஸ்லி முதலணிக்கு ஆடியபோது நம்மவர் பெருமிதங் கொண்டனர். பெருமிதம் இயல்பானதே. ஆனால் அவரை உருவாக்கியவை அந்நாட்டுப் புல்தரைகளும் பயிற்சிக்கூடங்களும் அவர்தம் உழைப்புமல்லவா? நம் வாவிக்கரைச் சிறுவருக்கு நாம் எத்தனை புல்தரைகள் அமைத்துக் கொடுத்தோம்? கடல்கடந்து வந்து புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்கு விளையாட்டைப் பயிற்றிய வெபர் அடிகளாரின் பெயரை மைதானத்துக்குச் சூட்டினோம், நன்று. அவரும் அவர்போன்ற ஆசிரியர்களும் பயிற்றிய நம் பிள்ளைகளின் பெயர்களை எங்கே எழுதிவைத்தோம்?

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் தலைமுறை தலைமுறையாகக் கிராமத்துக் களரிகளில் ஆடப்பட்டன. கற்றோர் திரும்பியும் பார்த்திலர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' எனப் பல்கலைக்கழக மேடையேற்றிய பின்னரே அவை கலையென்று நம்மவர் கண்ணிற் பட்டன. அவரது பணி போற்றத்தக்கது. ஆனால் வேறோர் இடத்து விளக்கொளி விழுந்தாலன்றி நம் முற்றத்தை நாமே காணமாட்டோம் என்னும் குருட்டுத்தன்மை போற்றத்தக்கதன்று.

சலீம் 1980இல் மறைந்தார். அவர் நோயுற்றிருந்த காலத்தில் அவருடைய மகன், தந்தையின் சிகிச்சைக்கு உதவுமாறு செல்ரிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். கழகம் 100 பவுண் அனுப்பியது. அந்தக் காசோலையை அவர் மாற்றவில்லை. பணத்துக்காக அன்று, தந்தையின் பெயர் அங்கு நினைவில் உள்ளதா என்று அறியவே எழுதியதாகப் பின்னர் கூறினார். இவ்வரலாற்றில் நம்மை உலுக்குவது வெறுங்கால் அன்று, இந்தக் கேள்வியே.

நமது ஊர்களிலும் முதிய ஆட்டக்காரர் இருக்கின்றனர். யுத்தமும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் அழித்தவை போக எஞ்சியவை அவர்தம் நினைவுகளே. பள்ளிக்கூட மலர்களையும் கழகங்களின் பழைய புகைப்படங்களையும் தேடி எடுத்து, அம்முதியோர் வாய்மொழியையும் சேர்த்து எழுதுவது நம் எழுத்தாளர் கடன். செல்ரிக் கழகத்துக்கு ஒரு மகன் எழுதிய கடிதம், நமக்கும் எழுதப்பட்டதேயாகும். அதற்கு நாம் இன்னும் பதில் எழுதவில்லை.