இசைவு என்னும் அளவுகோல்: 'அக்கினிப் பிரவேச'த்தை மீண்டும் நோக்குதல்

அகத்திணையை ஏழாக வகுத்த தொல்காப்பியர், ஒத்த அன்புடைய இருவரின் காதலை நடுவணைந்திணைக்கு உரியதாக்கினார். ஒருவர் மட்டும் விழைவது கைக்கிளை. பொருந்தா வேட்கை பெருந்திணை. இவ்விரண்டும் உலகில் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. இலக்கணத்தில் இடமும் தந்தார். ஆயினும் அன்பின் ஐந்திணையோடு அவற்றைச் சேர்த்தாரில்லை. இருவர் உள்ளமும் ஒத்தனவா என்பதே அப்பாகுபாட்டின் அடிப்படை. தமிழர் கையில் இத்தகைய அளவுகோல் ஒன்று இருந்தும், இக்காலக் கதைகளை அதனால் அளந்து பார்த்தவர் சிலரே. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' இதற்குத் தக்க சான்றாகும்.

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த சிறுகதை அது. மழை பெய்யும் மாலைப் பொழுது. பேருந்துக்காகக் காத்து நிற்கும் கல்லூரி மாணவி ஒருத்தியை, அறிமுகமில்லாத ஆடவன் ஒருவன் தன் பெரிய காரில் ஏற்றிச் செல்கிறான். அவன் விருப்பத்திற்கு அவள் இரையாகிறாள். வீடு திரும்பிய மகள் நடந்ததைக் கூற, தாய் முதலில் அவளை அடிக்கிறாள். பின்னர்த் தெளிவுற்று, தலையில் நீரை ஊற்றி, மாசு நீங்கியதென்று தேற்றுகிறாள். தெருவில் அசிங்கத்தை மிதித்தால் காலைக் கழுவுகிறோமேயன்றி வெட்டி எறிவதில்லை என்பது அத்தாயின் நியாயம்.

கதை வெளிவந்ததும் பெரும் பூசல் மூண்டது. கெட்டுப்போனவளைத் தூய்மையானவள் என்பதா எனச் சினந்தவர் ஒருசாரார். தாயின் பெருந்தன்மையைப் போற்றியவர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் எதிரெதிரே நின்றனரெனினும், அவர்கள் எழுப்பிய வினா ஒன்றே: அப்பெண் தூயவளா, அல்லளா? அவள் இசைந்தாளா என்று கேட்டார் அரியர். காரில் அவள் உள்ளம் அச்சமும் மருட்சியும் வியப்பும் கலந்து தடுமாறுவதை ஆசிரியர் நுட்பமாகவே காட்டியுள்ளார். அத்தடுமாற்றத்தை இசைவென்று கொள்ள இயலாது. பேரச்சத்தில் உடல் விறைத்து, நா எழாது போதல் உண்டு என்பதை மருத்துவம் இன்று நன்கறியும். வாய் பேசாமை மனம் ஒப்பியதற்குச் சான்றாகாது.

இப்பிழை கதை படித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. காவல் நிலையத்தில் காவலர் இருவரால் பழங்குடிச் சிறுமி ஒருத்தி கெடுக்கப்பட்டதாக எழுந்த மதுரா வழக்கில், 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்விருவரையும் விடுவித்தது. அவள் உடலில் காயமில்லை என்பதும், அவள் எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்பதும் காட்டப்பட்ட காரணங்கள். சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் திறந்த மடல் எழுதி இதைக் கண்டித்தனர். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. இசைவு என்பது தெளிவாகவும் தன்விருப்பாகவும் உணர்த்தப்படும் உடன்பாடு என்றும், உடலால் எதிர்க்காமை மட்டுமே இசைவாகாது என்றும் இந்தியச் சட்டம் விளக்கம் பெற்றது 2013இல்தான். வாசகர்கள் விட்ட வினாவைச் சட்டமும் நெடுங்காலம் விட்டிருந்தது.

அக்கதையில் மற்றொரு குறையும் உண்டு. தாய் ஊற்றிய நீர் மானத்தைக் கழுவிற்று. மகளின் உடல்நிலையைப் பற்றி எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. புண் உண்டா, கரு உண்டாகுமோ, நோய் தொற்றுமோ, இனி இரவில் அவள் அஞ்சாது உறங்குவாளா என்னும் கவலைகள் கதையில் இல்லை. அக்காலக் குடும்பங்கள் மருத்துவரிடம் செல்ல நாணியதை எண்ணினால், இதற்காக ஆசிரியரைக் குறை கூறுதல் முறையன்று. ஆனால் இன்று அக்கதையைப் படிப்போர் இதைச் சொல்லாமல் விடுவது முறையாகுமா? கருத்தடைக்கான அவசர மருந்தை ஐந்து நாட்களுக்குள்ளும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்க வேண்டும். விரைவு மிகுந்தால் பயனும் மிகும். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் 1994இல் இத்தகையோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. சிகிச்சை, ஆறுதல், காவல்துறைப் புகார் ஆகியவற்றிற்காக அலைய விடாமல், அனைத்தையும் ஓரிடத்தில் தருவதே அதன் நோக்கம். மகளின் தலையில் நீர் ஊற்றும் அன்புள்ள தாய், அந்த வாயிலையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஜெயகாந்தன் இவ்விடத்தில் நின்றுவிடவில்லை என்பது அவர் பெருமை. தாய் தேற்றாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகும் என்னும் எண்ணத்தை விரித்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைப் படைத்தார். 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது அதற்குக் கிடைத்தது. சிறுகதையில் தாய் பேசினாள். நாவலில் மகளே, கங்கா என்னும் பெயரோடு, தன் கதையைத் தானே கூறுகிறாள். ஆதரவு தந்த மாமனே அவளை இச்சையோடு நெருங்குவதையும், அவள் வெறுப்பதையும் வாசகர் அவள் வாயாலேயே அறிகின்றனர். இசைவின்மை என்பது இருட்டில் நிகழும் ஒருநாள் விபத்து மட்டுமன்று, வீட்டுக்குள்ளேயே நாள்தோறும் நிகழ்வது என்று காட்டியதே அந்நாவலின் தனிச்சிறப்பு. அவ்வகையில் சிறுகதையினும் நாவலே உயர்ந்தது. 1977இல் பீம்சிங் அதைத் திரைப்படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார்.

எனினும் பெரும்பான்மைத் திரையுலகம் வேறு வழியில் சென்றது. மறுக்கும் பெண்ணை விடாது பின்தொடர்ந்தால் அவள் மனம் கனிவாள் என்பது எத்தனையோ படங்களின் காதல் இலக்கணம். தொல்காப்பியர் கைக்கிளை என்று ஒதுக்கியதைத் திரைப்படம் குறிஞ்சியாகக் காட்டிற்று. 1994இல் வந்த 'நாட்டாமை'யில், ஒருத்தியைக் கெடுத்தவனே அவளை மணக்க வேண்டுமென்று ஊர்ப்பெரியவர் தீர்ப்பளிக்கிறார். அரங்குகள் அதை நீதியின் வெற்றியெனக் கொண்டாடின. தனக்குத் தீங்கிழைத்தவனோடு வாழ அவளுக்கு மனமுண்டா என்பது அந்நீதியில் சேரவில்லை. 2016இல் வந்த 'பிங்க்' என்னும் இந்திப் படத்தைத் தழுவி 2019இல் வந்த 'நேர்கொண்ட பார்வை' இப்போக்கை மாற்ற முயன்றது. பெண்ணின் உடை, பழக்கம், கடந்த வாழ்வு எதுவாயினும் அவள் மறுப்பு மறுப்பே என்று அது வழக்காடு மன்றத்தில் நிறுவிற்று. அவ்வுண்மையையும் புகழ்மிக்க நாயகன் ஒருவரின் வாய் வழியே கேட்டால்தான் மக்கள் ஏற்பர் என்னும் நிலை வருந்தத்தக்கது; ஆயினும் கேட்டனர் என்பது நன்று.

சிங்கப்பூரில் கணவன் என்னும் உறவு காரணமாக வல்லுறவுக் குற்றத்திலிருந்து தரப்பட்டிருந்த விலக்கு 2020 சனவரி முதல் நீக்கப்பட்டது. மணம் என்பது நிலையான இசைவுச் சீட்டாகாது எனச் சட்டமே சொல்லும் காலத்தில், வகுப்பறை பின்தங்கி நிற்றல் கூடாது. 'அக்கினிப் பிரவேச'த்தைப் பயிற்றும் ஆசிரியர், தாயின் பெருந்தன்மையைப் போற்றுவதோடு நிறுத்தாமல், அம்மாணவியை யாரேனும் அவள் விருப்பம் கேட்டார்களா, அவள் உடல்நலம் கேட்டார்களா என்னும் இரு வினாக்களையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். வகுப்பில் அமைதியாக அமர்ந்திருக்கும் பெண்பிள்ளைகளுள் எவளுக்கு அவ்வினாக்கள் தேவைப்படும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது.