திரௌபதை வினாவும் தருமன் மௌனமும்

பாரதக் கதை ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. மட்டக்களப்புத் தென்பகுதியிலே, கல்முனையை அடுத்த பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் ஆலயத்து 18 நாட் சடங்கில் அது ஆண்டுதோறும் கண்முன் நிகழ்கின்றது. வனவாசம், அருச்சுனன் தவம் என்பன முறையே நடந்து தீப்பள்ளயத்தில் நிறைவெய்தும். அத்தீயின் முதற்பொறி யாது? அத்தினாபுரத்துச் சபையில் விடைபெறாது நின்ற ஒரு வினாவே அது.

“தன்னை முன்னர்த் தோற்றானோ? என்னை முன்னர்த் தோற்றானோ?” என்பது அவ்வினாவின் பொருள். தன்னை இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை இல்லை என்பது அதன் உட்கிடை. வியாசர் பாரதத்தில் தருமன் மறுமொழி கூறாது இருக்கின்றான். அவன் வாய் திறவாமையே துரியோதனன் உரிமையை ஒப்பியதாகும் என ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதம் நிலைபெறுமா என்பது ஆராயற்பாலது.

இவ்வழக்கின் திறத்தவர் இருவர். அடிமை கொண்டேன் என்பவன் துரியோதனன். அடிமையல்லேன் என்பவள் திரௌபதை. தருமனோ உண்மை அறிந்த சான்றாளன். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், தன் 114ஆம் பிரிவில், கொணரக்கூடிய சான்றினைக் கொணராது மறைத்தவனுக்கு அச்சான்று பாதகமானதென்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கின்றது. இங்கே இரண்டு சொற்கள் உற்றுநோக்கற்குரியன. “மறைத்தவனுக்கு” என்றமையால், பாதகம் மறைத்தவனையே சாரும். “ஊகிக்கலாம்” என்றமையால், அங்ஙனம் ஊகித்தே தீரவேண்டும் என்னும் நியதியில்லை.

அங்ஙனமாயின், திறத்தவரல்லாத ஒருவன் வாய் மூடினால் அம்மௌனம் எவர் தலைமேல் விழும்? அமெரிக்க நாட்டு மேன்முறையீட்டு மன்றமொன்று 1997இல் லிபுட்டி வழக்கில் இதனை ஆராய்ந்தது. பந்தயக் குதிரையொன்று மகளுடையதா, வரிக்கடன்பட்ட தந்தையுடையதா என்பது பிணக்கு. தந்தை விடைகூற மறுத்தார். அம்மௌனத்தை மகளுக்கு எதிராகக் கொள்ளலாமா என்று துணிதற்கு மன்றம் நான்கு அளவைகளை வகுத்தது: இருவர்க்குமுள்ள உறவு, சான்றாளன்மீது திறத்தவர்க்குள்ள ஆட்சி, இருவர் நலனும் ஒன்றுபடுதல், வழக்கில் அவனுக்குள்ள பங்கு.

இவ்வளவைகளாற் பாஞ்சாலியின் வழக்கை நோக்குக. உறவு உண்டு, அவன் கணவன். பங்கும் உண்டு, பணயம் வைத்தவனே அவன். ஆனால், ஆட்சி சிறிதும் இல்லை. அவனைப் பேசுவிக்க அவள் முயன்றாள். ஏவலாளனை வினாவுடன் திருப்பியனுப்பியதே அதற்குச் சான்று. நலனும் ஒன்றுபடவில்லை. ‘இவளுக்கு நான் தலைவனல்லேன்’ எனின், அவள் மீள்வாள். அவனோ தன் செயல் முறையற்றதென்று தானே ஒப்பியவனாவான். ஆகவே, அவன் மௌனத்தை அவளுக்கு எதிராகக் கொள்ளுதல் முறையன்று. சான்றை வேண்டியவளை மறைத்தவளாக்குதல் நீதியாகாது.

இனி, அவையோர் மௌனம் வேறு. தருமன் தன்னை முன்னரே தோற்றமை அவர் அறிந்தது. எஞ்சியது அறம் யாதென்னும் வினா. அதற்கு விடைகூற வேண்டியோர் சான்றாளரல்லர், நடுவரே. சான்றாளன் மௌனத்திலிருந்து ஒரு செய்தியை ஊகிக்கலாம். நடுவன் மௌனத்திலிருந்து நீதியை ஊகித்தல் இயலாது. வியாசரின் வீட்டுமன் அறம் நுண்ணிதென்று கூறித் தீர்ப்பைத் தருமனிடமே விடுகின்றான். நடுவன் தன் கடமையைச் சான்றாளன்மேல் ஏற்றிய பிழை இது. விகர்ணன் ஒருவனே காரணங்களை எண்ணி முறைசெய்ய முற்படுகின்றான். பாரதியாரோ பாஞ்சாலி சபதத்தில் வீட்டுமனைப் பழைய நூல்வழி விடைகூறச் செய்து, அவ்விடையையே பாஞ்சாலியால் இடித்துரைக்கச் செய்தார். மௌனத்தோடு பொருதல் அரிது. கூறிய விடையோடு பொருதல் கூடும். பாரதியார் செய்த மாற்றத்தின் சிறப்பு இதுவே.

எல்லை வழக்கிலும் சீதன வழக்கிலும் உண்மை அறிந்த உறவினன் வாய் மூடி நிற்பது ஊரெங்கும் உள்ளதே. அம்மௌனத்தின் பழியை ஆதரவற்ற பெண்மேல் ஏற்றுமுன், அவனைப் பேசுவிக்க அவளால் இயலுமோ என்று வினவுதல் நடுவர் கடன். பாண்டிருப்பில் ஆண்டுதோறும் மூளும் தீ நினைவூட்டுவதும் அவ்வினாவையே.