பேயிடம் போன வழக்கு

பேய்ப்படத்தில் பகுத்தறிவாளர்க்கு என்ன வேலை என்பர் சிலர். பஞ்சோங் பிசன்தனகுன், பார்க்பூம் வோங்பூம் இருவரும் இயக்கி 2004-இல் தாய்லாந்தில் வெளியான ‘ஷட்டர்’ அவர்க்கு விடை தரும்.

மாணவி ஒருத்தியை நண்பர்கள் கெடுத்தனர். அவள் நம்பிய காதலனே அதைப் புகைப்படம் எடுத்தான். ஆண்டுகள் சென்றன. அவன் கழுத்து ஓயாமல் வலிக்கிறது. எடைக்கருவியோ இருவர் பாரம் காட்டுகிறது. செத்தவள் அவன் தோள்மீது! குற்றச் சுமைக்கு இதனினும் சிறந்த உருவம் ஏது?

குறையும் உண்டு. குற்றத்தின் படச்சுருள் இன்றைய காதலியிடம் சிக்குகிறது. அவளோ வழக்குமன்றம் ஏறவில்லை, அவனை விட்டு விலகுகிறாள். தண்டனை பேயின் பொறுப்பாகிறது. நீதி பெறப் பெண் பிணமாகத்தான் வேண்டுமா? உயிருள்ளோர் வாய் திறந்திருந்தால், பேய்க்கு அங்கே வேலையே இல்லை!