பார்பியானா மாணவரின் மடலும் நம் பள்ளிகளும்

கல்வியின் நோக்கம் தேர்வில் வெற்றி பெறுவது மட்டுமன்று என்று எவரேனும் பேசாத பள்ளி ஆண்டுவிழா இல்லை. நாமும் பேசியிருக்கிறோம். பேசி முடித்து வெளியே வரும்போது, ‘பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்று நுழைவாயிலில் கட்டியிருக்கும் விளம்பரத் தட்டியைக் கடந்துதான் வர வேண்டும். தாளாளர் என்ற முறையில் அத்தட்டிக்குச் செலவுச்சீட்டில் ஒப்பமிட்டவரும் நாமே. மேடையில் சொன்னதற்கும் வாயிலில் கட்டியதற்கும் இடையே உள்ள தூரத்தை இரக்கமின்றி அளந்து காட்டும் நூல் ஒன்றை அண்மையில் மீண்டும் கையிலெடுத்தோம். இறையியல் பயின்ற நாள்களில் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தது. அன்று அது பிறரைச் சாடும் நூலாகத் தோன்றியது. தாளாளராகிப் படிக்கையில் அப்படித் தோன்றவில்லை.

‘ஓர் ஆசிரியைக்கு மடல்’ என்னும் அந்நூல் 1967 மே மாதம் இத்தாலியில், பிளாரன்ஸ் நகரப் பதிப்பகம் ஒன்றின் வழியாக வெளிவந்தது. எழுதியவர் பெயரிருக்க வேண்டிய இடத்தில் ‘பார்பியானா பள்ளி’ என்றிருக்கும். உண்மையில் அதை எழுதியவர்கள் எட்டு மாணவர்கள். அவர்களுக்குத் துணைநின்றவர் அவ்வூர்ப் பங்குக்குரு லொரேன்சோ மிலானி அடிகளார். 1923இல் செல்வமும் கல்வியும் மிக்க பிளாரன்ஸ் குடும்பத்தில் பிறந்து, 1947இல் குருவானவர். 1954 இறுதியில் பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். மலைச்சரிவில் சிதறிக் கிடந்த சில வீடுகளும் ஒரு கோயிலுமே அந்தப் பங்கு. மின்சாரம்கூட அன்று எட்டியிராத இடம். இளங்குரு ஒருவரை அப்படிப்பட்ட பங்குக்கு ஏன் அனுப்புவார்கள் என்பதைக் குருக்களாகிய நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் அங்கே தம் இல்லத்திலேயே பள்ளி தொடங்கினார். அரசுப் பள்ளியில் தோற்று வெளியேறிய உழவர் பிள்ளைகளே மாணவர்கள். ஞாயிறும் விடுமுறையும் இல்லை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும், நாளிதழே பாடநூல். நூல் வெளிவந்த மறுமாதம், 1967 ஜூன் 26 அன்று, தம் நாற்பத்து நான்காம் வயதில் அடிகளார் நோயால் இறந்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 ஜூன் 20 அன்று அக்கல்லறையில் மன்றாடச் சென்றபோதுதான் நம்மில் பலர் அப்பெயரை முதன்முறையாகக் கேட்டோம்.

மடல் யாருக்கு? ஆசிரியப் பயிற்சிக்கான பள்ளியில் சேர்ந்த பார்பியானா மாணவர்களைத் தேர்வில் தோற்கச் செய்த ஆசிரியைக்கு. அவருக்குப் பெயர் தரப்படவில்லை. மருத்துவர் வீட்டுப் பிள்ளையாகிய பியரீனோ, உழவர் வீட்டுப் பிள்ளையாகிய ஜான்னி என இருவரை முன்னிறுத்தி, ஒரே தேர்வு இருவருக்கும் எப்படி ஒன்றாக இருப்பதில்லை என்று மாணவர்கள் வாதிடுகிறார்கள். வீட்டிலேயே நூல்மொழியைக் கேட்டு வளர்ந்தவன் அம்மொழியில் எழுதித் தேறுகிறான். வயலின் மொழியைக் கேட்டு வளர்ந்தவன் பிழையோடு எழுதித் தோற்கிறான். இத்துடன் நின்றிருந்தால் வெறும் புலம்பலாகியிருக்கும். அவர்களோ பதிவேடுகளிலிருந்து எண்களைத் திரட்டி, வகுப்புக்கு வகுப்பு எத்தனை பிள்ளைகள் உதிர்ந்தார்கள், உதிர்ந்தவர்களின் தந்தையர் என்ன தொழில் செய்தார்கள் என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறார்கள். இத்தாலியில் பதினான்கு வயதுவரை அனைவருக்கும் ஒரே நடுநிலைப்பள்ளி என்று 1962 இறுதியில் சட்டம் வந்தபின்னும் அந்த உதிர்வு தொடர்ந்ததே அவர்கள் குற்றச்சாட்டு. அவர்கள் கேட்கும் சீர்திருத்தங்கள் மூன்றுதான்: தோற்கச் செய்யாதீர்கள், பின்தங்கியவர்களுக்கு முழுநாள் பள்ளி கொடுங்கள், ஆர்வமற்றவனுக்கு ஒரு குறிக்கோள் கொடுங்கள்.

நூலின் நடை தனியே பேசத்தக்கது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் துண்டுத்தாள்களில் எழுத, அவற்றை மேசைமேல் பரப்பி, இனம் பிரித்து, உரக்கப் படித்து, தேவையற்ற சொல்லைக் களைந்து, ஊரில் எவருக்கும் விளங்கும்வரை திருத்தியிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மறையுரை தயாரிக்க உட்காரும் நமக்கு இதைப் படிக்கையில் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

எனினும் நூலின் குறைகளை மறைப்பதற்கில்லை. அந்த ஆசிரியைக்கு மாணவர்கள் நீதி செய்யவில்லை. அவரும் ஒரு பாடத்திட்டத்துக்கும் மேலதிகாரிக்கும் கட்டுப்பட்டவர். அவர் தரப்பு ஒரு பக்கம்கூட இல்லை. எழுதிய எட்டுப் பேரும் ஆண்பிள்ளைகள். மலைவீடுகள் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கியதை நூல் குறிப்பிட்டு விட்டு நகர்ந்துவிடுகிறது. வேறு பொறுப்புகள் குறைந்த ஒரு குரு, ஒரு சிறு கூட்டத்துக்குத் தம் நாள் முழுவதையும் கொடுத்த இடத்தில் விளைந்ததை, ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பேரை வைத்திருக்கும் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதும் எளிதன்று.

ஆனால் நூலைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒன்று நமக்கு ஒப்புதலில்லை. இது தேர்வுகளுக்கு எதிரான நூல் என்கிறார்கள். இருக்கலாம், ஆயினும் பார்பியானா மாணவர்கள் சான்றிதழை இகழவில்லை. அது கிடைக்காததால்தான் எழுதுகிறார்கள். ‘தேர்வா முக்கியம்?’ என்று கேட்பது பெரும்பாலும் தேறியவரின் வசதி. தாத்தாவும் அப்பாவும் கைந்நாட்டு வைத்த வீட்டில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்ன பொருள்படும் என்பதை நாம் வீடு சந்திக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். கண்ணாடிச் சட்டமிட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். அந்தச் சுவரைப் பார்த்தபின் தேர்வு வீண் என்று சொல்ல நா எழாது. பிள்ளை தேர்வை நாடுவது தவறன்று. பள்ளி தன் பெயருக்காகத் தேர்ச்சியை நாடத் தொடங்கும்போதுதான் நிலைமை கெடுகிறது. அப்போது பிள்ளைக்குத் தேர்வு என்பது மாறி, தேர்வுக்குப் பிள்ளை என்றாகிறது.

எப்படி என்று சொல்கிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைத் தோற்கச் செய்யவோ வெளியேற்றவோ கூடாது என்றது. 2019இல் திருத்தம் வந்து, மாநிலங்கள் விரும்பினால் தோற்கச் செய்யலாம் என்றானது. நம் மாநிலத்தில் சல்லடை ஒன்பதாம் வகுப்பில் வைக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பில் விழக்கூடும் என்று தோன்றும் பிள்ளையின் பெற்றோரை ஒன்பதின் இறுதியில் அழைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். 2017இல் அரசு பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது, தட்டிகள் நிற்கவில்லை.

முன்பு நாம் இருந்த பங்கில் அப்படிப்பட்ட பட்டியல் ஒன்று நம் மேசைக்கு வந்தது. ஏழு பெயர்கள். அனைத்திலும் ஒப்பமிட்டோம். அவற்றில் ஒன்று செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்துப் பையனுடையது. பூசையில் பீடச் சிறுவனாக நமக்கு உதவியவன். இரண்டு நாள் கழித்து அவன் தாய் வந்தார். சண்டையிடவில்லை. “சாமி, எழுதித் தோத்திருந்தா மனசு ஆறியிருக்கும். எழுதவே விடலையே” என்றார். நாம் ஏதோ ஆறுதல் சொன்னோம். என்ன சொன்னோம் என்பது நினைவில் இல்லை. அவன் பின்னர் தனித்தேர்வராக எழுதி இரண்டாம் முறையில் தேறினான் என்று கேள்விப்பட்டோம். அத்தேர்ச்சி எந்தப் பள்ளியின் கணக்கிலும் சேராது.

1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையைக் குருமடத்தில் வரிவரியாகப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் நாம். முழு மனிதரை உருவாக்குவதே கல்வி என்றும், திருச்சபை தன் கல்விப் பணியில் வறியவரின் தேவைக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. அந்தத் தாளில் நமக்கு நல்ல மதிப்பெண்.

இவ்வாண்டு கோடை விடுமுறையில், இப்போதைய பங்குப் பள்ளியின் ஆசிரியர்களைச் சனிக்கிழமைகளில் அழைத்து, இம்மடலைத் தமிழில் சொல்லிச்சொல்லி வாசித்து வந்தோம். அட்டவணைகள் வரும் பகுதியை அடைந்த மாலை, கணக்கு ஆசிரியை ஒருவர் எழுந்தார். இருபத்தைந்து ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர். “ஃபாதர், ஒன்பதாவதில் யாரையும் அனுப்ப வேண்டாம், சரி. விழுக்காடு குறைந்தால் வருகிற ஆண்டு ஆறாம் வகுப்பில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? மறைமாவட்டக் கூட்டத்தில் எங்களை எழுப்பிக் காரணம் கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்பீர்களா?” என்று கேட்டார். நிற்போம் என்று உடனே சொல்லிவிட வாய் வந்தது. அடுத்த ஆண்டு நமக்கு மாற்றல் வரக்கூடும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அன்று அத்துடன் நூலை மூடினோம். அடுத்த சனிக்கிழமை இந்த ஆண்டின் பட்டியலை ஆசிரியர்களோடு உட்கார்ந்து பெயர்பெயராகப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதில் நான்கு பெயர்கள் இருக்கின்றன.