கேசட்டிலிருந்து கணினிக்கு: ஸ்பெக்ட்ரம் நாடாவைக் கேட்டும் பார்த்தும் ரசிக்கும் முறை

கேம்பிரிட்ஜில் இயங்கிய சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினிக்கான மென்பொருள், பெரும்பாலும் சாதாரண ஆடியோ கேசட்டிலேயே விற்கப்பட்டது. 48 கிலோபைட் நினைவகத்தை நிறைக்கும் ஒரு விளையாட்டு நாடாவிலிருந்து ஏறி முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். அதை வெறும் காத்திருப்பாகக் கருதுவோர் பலர். ஆனால் நாடாவைப் படிப்பதற்கென்று தனிச் சில்லு எதுவும் இல்லாமல், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80ஏ செயலியே ஒவ்வொரு துடிப்பையும் அளந்து படிக்குமாறு இக்கணினி அமைக்கப்பட்டிருப்பதால், இன்றைய கணினிகள் முழுவதுமாக மறைத்துவிடும் ஒரு வேலை இதில் காதுக்கும் கண்ணுக்கும் எட்டுகிறது. அதைப் பின்தொடரக் கற்பதே இதை ரசிப்பதன் தொடக்கம்.

முதலில் கேட்பது

கேசட் ரெக்கார்டரின் இயர் துளையில் கணினிக்குச் செல்லும் கம்பியைச் செருகியதும் பெரும்பாலும் அதன் ஒலிபெருக்கி அடங்கிவிடும் என்பதால், முதல் முறை கணினியோடு இணைக்காமல் நாடாவை மட்டும் ஓடவிட்டுக் கேட்பது நல்லது. தொடக்கத்தில் ஏறத்தாழ 807 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே சீரான ஒலி ஐந்து வினாடி நீளும். முன்னோடி ஒலி எனத்தக்க இதில் தகவல் எதுவும் இல்லை. நாடா ஓடத் தொடங்கிவிட்டது என்று கணினிக்கு அறிவிப்பதும், அது தன்னைத் தயார்படுத்திக்கொள்ள அவகாசம் தருவதுமே இதன் வேலை. அதன் முடிவில் ஒரு சிறு கீறல் போல வந்து மறைவது தலைப்புத் தொகுதி. அடுத்து வருவது என்ன வகைக் கோப்பு, பத்து எழுத்துக்குள் அமைந்த அதன் பெயர் என்ன, நீளம் எவ்வளவு என்ற விவரங்கள் அந்தக் கீறலின் 17 பைட்டுகளில் அடங்கிவிடுகின்றன. சிறு இடைவெளிக்குப் பின் மீண்டும் முன்னோடி ஒலி, இம்முறை இரண்டு வினாடி மட்டும். அதைத் தொடர்ந்து வரும் கரகரப்பான இரைச்சலே உண்மையான தகவல்.

அந்த இரைச்சலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பிட்டும் ஒலி அலையின் ஒரு முழுச் சுற்று; பூஜ்யத்தின் சுற்று குறுகியது, ஒன்றின் சுற்று அதைப் போல் சரியாக இரு மடங்கு நீளமானது. எனவே பூஜ்யம் சுமார் 2,047 ஹெர்ட்ஸிலும் ஒன்று சுமார் 1,023 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. சங்கீதம் அறிந்தவர் சொல்வதானால், ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயிகளில் மாறி மாறி வருகிறது. பூஜ்யங்கள் தொடர்ந்து வரும் வெற்றுப் பகுதிகளில் ஒலி தெளிந்த சீழ்க்கையாக உயர்வதோடு, அப்பகுதி விரைவாகவும் கடந்துவிடும். அதாவது, ஏற்றும் நேரம் கோப்பின் நீளத்தை மட்டுமன்றி அதன் உள்ளடக்கத்தையும் பொறுத்தது.

அடுத்துத் திரையின் ஓரம்

இப்போது ரெக்கார்டரைக் கணினியோடு இணைத்து, ஜே விசையை அழுத்தினால் லோட் என்னும் கட்டளை முழுச் சொல்லாகத் திரையில் விழும். அதன்பின் இரட்டை மேற்கோள் குறிகளை இட்டு என்டரை அழுத்தி நாடாவை ஓடவிட வேண்டும். உடனே திரையின் பார்டர் பகுதியில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டைகளாக ஓடும். தகவல் வரத் தொடங்கியதும் அவை நீலமும் மஞ்சளுமாக மாறும். இது அலங்காரத்துக்காக வரையப்படுவதன்று. அலையின் ஒவ்வொரு திருப்பத்தையும் உணர்ந்தவுடன் செயலி பார்டரின் நிறத்தை மாற்றுகிறது. அதே சமயம் தொலைக்காட்சி மேலிருந்து கீழாக வரி வரியாகப் படத்தை வரைந்துகொண்டிருப்பதால், பட்டையின் தடிமனே துடிப்பின் நீளமாகிவிடுகிறது. முன்னோடி ஒலியின் பட்டை ஏறத்தாழ பத்து வரி தடிமன், ஒன்றின் பட்டை எட்டு வரிக்குச் சற்றுக் குறைவு, பூஜ்யத்தின் பட்டை அதில் பாதி. மெல்லிய பட்டைகள் நெருங்கிச் செறியும்போது காதிலும் ஒலி உயர்வதைக் கவனிப்பவர், ஒரே தகவலை இரண்டு புலன்களால் படிக்கிறார்.

படம் உருவாகும் விதம்

பெரும்பாலான விளையாட்டுகள் முதலில் ஒரு முகப்புப் படத்தை ஏற்றும். 6,912 பைட் கொண்ட அப்படம் நேராகத் திரை நினைவகத்திலேயே வந்து விழுவதால், அது உருவாவதை முழுமையாகப் பார்க்கலாம். திரை மூன்று கிடைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் எட்டு வரிக்கு ஒரு வரி என்ற கணக்கில் நிரப்பப்படுகிறது. முதலில் எலும்புக்கூடு போல இடைவெளி விட்ட கோடுகள் தோன்றி, அடுத்தடுத்த சுற்றுகளில் அவற்றின் இடையே கோடுகள் சேரச் சேர உருவம் திரள்கிறது. மேல் பகுதி நிறைந்த பிறகே நடுப்பகுதியும், அதன்பின் அடிப்பகுதியும் தொடங்கும். கடைசி 768 பைட் நிறங்களுக்கானவை. அதுவரை நிறமற்றிருந்த கோட்டோவியத்தின் மேல், இடமிருந்து வலமாக, சதுரம் சதுரமாக, நான்கைந்து வினாடிக்குள் வண்ணம் பரவிவிடும். இந்த வரிசையை அறிந்த ஓவியர்கள், படம் முடிந்த தோற்றத்தை மட்டுமன்றி அது பகுதி பகுதியாக வெளிப்படும் விதத்தையும் மனத்தில் கொண்டு வரைய முடிந்தது.

பிழையும் திருத்தமும்

ஒவ்வொரு தொகுதியின் இறுதியிலும் ஒரு சரிபார்ப்பு பைட் உண்டு. வந்த பைட்டுகள் அதனோடு பொருந்தவில்லையெனில், பல நிமிடம் ஏறிய பிறகும் நாடா ஏற்றுதலில் பிழை என்ற ஒற்றை வரியோடு எல்லாம் நின்றுவிடும். இதற்கு அடிக்கடி காரணமாவது ரெக்கார்டரின் ஹெட் சாய்ந்திருப்பது. சாய்வு கூடினால் உயர்ந்த ஒலிகள் மழுங்கும். நாடாவை ஓடவிட்டபடி, ஹெட்டின் அருகிலுள்ள சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பி, ஒலி எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துவதே வழக்கமான திருத்தம். கருவி எதுவும் இல்லாமல் காதை மட்டும் நம்பிச் செய்யும் வேலை இது.

கேசட்டுக்குப் பதிலாக வட்டிலிருந்து ஏற்றுவதன் சுவை வேறு வகையானது. கமடோர் 64 கணினியின் 1541 வட்டு இயக்கி, தனக்கெனச் செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் கொண்ட இன்னொரு கணினியே. வட்டின் 35 தடங்களில் பதினெட்டாவதில்தான் கோப்புப் பட்டியல் இருப்பதால், ஹெட் முதலில் அங்கே சென்று, பின் கோப்பு இருக்கும் தடத்துக்கு நகரும் ஓசையைத் தனித்துக் கேட்கலாம். ஆயினும் கேட்பது இயந்திரத்தின் நடையை மட்டுமே. தகவலின் ஒலி வெளியே வருவதில்லை. கேசட்டுக்கு உள்ள தனிச் சிறப்பு இந்த ஒப்பீட்டில் தெளிவாகிறது.

பழைய கணினி கையில் இல்லாதோர் ஈமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போல் இயங்கும் மென்பொருளில், விரைவு ஏற்றும் வசதியை அணைத்துவிட்டு இதே அனுபவத்தைப் பெறலாம். சில முறை பார்த்துப் பழகியபின் திரையை மறைத்துவிட்டுக் கேட்பது நல்ல பயிற்சி. நிறப் பகுதியில் ஒரே பைட் அடுத்தடுத்து வருவதால் கரகரப்பு திடீரெனச் சீரான ரீங்காரமாக மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டதும் படத்தில் வண்ணம் ஏறத் தொடங்கிவிட்டது என்று பார்க்காமலே சொல்ல முடிந்தவருக்கு, நாடாவைப் படிக்கத் தெரிந்துவிட்டது.