ஏஐ ஏஜென்ட்டுக்கு இன்பாக்ஸில் என்ன வேலை?

கூடலூரிலிருந்து பட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரி போகும் சாலையில் இருக்கிறது தேவர்சோலை. அங்கே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7-இல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. அதிலிருந்து, வரும் தேதி, வண்டி எண் எல்லாம் விருந்தினரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குவது அவருக்குக் கூடுதல் வேலை. ஏஐ ஏஜென்ட்டிடம் விட்டால் கேள்வியை நொடியில் எழுதி அனுப்பிவிடும். விருந்தினரோ மறுநாள் சாவகாசமாகப் பதில் போடுவார். அதுவரை ஏஜென்ட் என்ன செய்யும்?

இதற்குத்தான் ‘மெயில் வரும்வரை காத்திரு’ என்றொரு கருவியை ஏஜென்ட்டுகளுக்குத் தருகிறார்கள். ஏஜென்ட் அதை அழைத்துவிட்டு நின்றுவிடும். கருவி அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்து, மெயில் வந்ததும் ஏஜென்ட்டை எழுப்பும்.

செலவை மட்டும் பார்த்தால் இதைக் குறை சொல்ல முடியாது. கருவி இல்லாவிட்டால் ஏஜென்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கும். ஒவ்வொரு முறையும் அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் மாடலுக்குள் போய்வரும், காசு கரையும். காத்திருக்கும் நுட்பமும் புதிதல்ல. மெயில் படிக்க உதவும் ஐமேப் நெறியில் ‘ஐடில்’ கட்டளை 1997-லேயே வந்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால், புது மெயில் வந்ததைச் சர்வரே சொல்லும்.

கோளாறு தொடங்குவது இணைப்பு அறுபடும்போது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கம் மரம் விழும், கரண்ட் போகும், நெட் போகும். ஏஜென்ட் வீட்டு லேப்டாப்பில் ஓடினால் காத்திருப்பும் அதோடு போயிற்று. பல சமயம் இணைப்பு செத்துப்போனதே கருவிக்குத் தெரியாது. ‘ஒன்றும் வரவில்லை’ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மின்னஞ்சல் முறைக்கோ பொறுமை அதிகம். ஒரு மெயிலைச் சேர்க்க முடியாவிட்டால் அனுப்பும் சர்வர் அரைமணி நேரமாவது விட்டு மறுபடி முயல வேண்டும், நான்கைந்து நாளாவது கைவிடக்கூடாது என்பது அதன் விதிமுறை சொல்லும் அளவு. இவ்வளவு நிதானமான ஏற்பாட்டின் மேல் பத்து நிமிடக் கெடு வைத்த கருவியைப் பொருத்தினால், கெடு முடிந்ததும் ஏஜென்ட் அதே கேள்வியைத் திரும்ப அனுப்பும். விருந்தினருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். ‘கெடு முடிந்தது’, ‘இணைப்பு அறுந்தது’, ‘மெயில் வந்தது’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லாத கருவியை வாங்கவே கூடாது.

வந்த மெயில் பதில்தானா என்பது அடுத்த சிக்கல். ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதிலுக்கும் ஏஜென்ட் விழித்துக்கொள்ளும். அந்தப் பக்கமும் ஓர் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தால் இரண்டும் மாறி மாறி நன்றி சொல்லிக்கொண்டே இருக்கும். சிரிப்பாக இருக்கலாம், பில் வரும்போது சிரிப்பு வராது.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. நான் தயங்குவது வேறிடத்தில். மின்னஞ்சல் முகவரி தெரிந்த எவரும் அதற்கு எழுதலாம். ஆகவே ஏஜென்ட் எப்போது விழிக்க வேண்டும், விழித்ததும் எதைப் படிக்க வேண்டும் என்பதை முன்பின் தெரியாத ஒருவர் தீர்மானிக்கிறார். படிக்கிற செய்தி எது, செய்ய வேண்டிய கட்டளை எது என்று பிரித்தறியும் உறுதியான தடுப்பு இன்றைய மாடல்களில் இல்லை. 2025 ஜூனில் வெளிவந்த ‘எக்கோலீக்’ என்ற பாதுகாப்பு ஓட்டை இதைத்தான் காட்டியது. மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டுக்கு ஒரே ஒரு மெயில் அனுப்பி, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே உள் தகவலை வெளியே இழுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் ஓட்டை விழக் காரணமான இயல்பு எல்லா மாடல்களிலும் இருக்கிறது.

வரவேற்பு மேசையில் உட்காரும் ஆளையும்தானே ஏமாற்றலாம் என்று கேட்பார்கள். ஏமாற்றலாம்தான். ஆனால் ‘இந்த மாத முன்பதிவுப் பட்டியலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று எவரோ எழுதினால், மேசையில் இருப்பவர் முதலாளிக்கு ஒரு போன் போடுவார். அனுப்புநர் பெயரை வைத்து வடிகட்டினால் போதாதா என்றால், போலி முகவரியை டிகிம், டிமார்க் சோதனைகள் பெரும்பாலும் பிடித்துவிடும்; விருந்தினரின் கணக்கையே ஒருவர் கைப்பற்றிவிட்டால் அவற்றால் பயனில்லை. மேலும், வண்டி எண் வரும் அதே பெட்டிக்குத்தான் வங்கியின் ஓடிபியும் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் வருகின்றன. அந்தப் பெட்டியில் காத்திருக்க முடிகிற ஏஜென்ட், அவற்றுக்காகவும் காத்திருக்க முடியும்.

எனவே என் முடிவு: இந்தக் கருவியை அனுமதிக்கலாம், தனிப் பெட்டியில் மட்டும். விருந்தினர் தொடர்புக்கென்றே ஒரு புது முகவரி வேண்டும். ஏஜென்ட் தான் அனுப்பிய கடிதத்துக்கு வந்த பதிலுக்கு மட்டுமே விழிக்க வேண்டும். பதிலிலிருந்து வண்டி எண், தேதி இரண்டை மட்டும் சாதாரண நிரல் ஒன்று பிரித்தெடுத்துக் கொடுக்கட்டும்; மீதி எதுவும் மாடலுக்குப் போக வேண்டாம். பணம் திருப்பித் தருவது, முன்பதிவை ரத்து செய்வது இரண்டும் உரிமையாளர் கையால்தான் நடக்க வேண்டும். காத்திருப்பு வெளியில் ஒரு சர்வரில் ஓடட்டும். தேவர்சோலையில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

வங்கிக் கணக்கோடு இணைந்த மின்னஞ்சலை எந்த ஏஜென்ட்டுக்காவது திறந்துவிட்டிருந்தால், கணக்கு அமைப்புகளில் இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலுக்குப் போய் அந்த அனுமதியை இன்றே நீக்கிவிடுங்கள்.