இரு சிறுவரும் ஒரு நடிகரும்

விண்வெளிக் கற்பனைக் கதை ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்பட வரிசையின் முதற்படம் 1977ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் வெளிவந்தது. ஜார்ஜ் லூக்காஸ் படைத்த அக்கதையுலகில் ஒளிவாள் ஏந்திய வீரர்களும், பேசும் எந்திரங்களும், உடலெங்கும் மயிர் அடர்ந்த வேற்றுக்கோள் மாந்தரும் உலவுகின்றனர். இலக்கியத் தரம் பேசுவோர் இதனைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவதுண்டு. நாமும் நெடுங்காலம் அவ்வாறே ஒதுக்கியிருந்தோம்.

2016ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து, அமெரிக்காவில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். அக்கதையில் இளவரசி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் டிசம்பர் 27ஆம் நாள் தம் 60ஆம் வயதில் இறந்திருந்தார். அச்செய்தியைச் சொன்னபோது இளைஞரின் கண்கள் கலங்கின. நாமோ சிரித்துவிட்டோம். ஒரு சினிமா நடிகைக்காகவா இந்தக் கண்ணீர் என்றும் கேட்டுவிட்டோம். அவரும் உடன் சிரித்தார். பிறகு தம் தாயாரின் உடல்நலம் பற்றிப் பேசத் தொடங்கினார். அச்சிரிப்பு நெடுநாள் நம்மை உறுத்தியது. அதன் பின்னரே அப்படங்களை வரிசையாகப் பார்த்தோம். அவற்றைச் சார்ந்த நூல்கள் சிலவற்றையும் படித்தோம். அவ்வாறு படித்தவற்றுள் ஒன்றில், நாம் செய்த அதே தவற்றை நம்மினும் மிகப் பெரியவர் ஒருவர் செய்திருக்கக் கண்டோம்.

அவர் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ். இலங்கையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றவர். ஸ்டார் வார்ஸில் ஓபி-வான் கெனோபி என்னும் முதியவராக, கதைத்தலைவன் லூக் ஸ்கைவாக்கரின் ஆசானாக நடித்தவர். அவ்வேடம் அவருக்குப் பெரும் செல்வம் ஈட்டித் தந்தது. ஆனால் மனநிறைவு தரவில்லை. படப்பிடிப்பு நாள்களிலேயே அதன் உரையாடல்களின் வறட்சியைக் குறித்து நண்பருக்கு மடல்களில் புலம்பியிருக்கிறார். 1999இல் வெளியான 'எ பாசிட்டிவ்லி ஃபைனல் அப்பியரன்ஸ்' என்னும் நாட்குறிப்பு நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றார். சான் பிரான்சிஸ்கோவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயுடன் அவரை அணுகி, அப்படத்தைத் தான் நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டதாகப் பெருமையோடு சொல்கிறான். இனி அப்படத்தை ஒருபோதும் பார்ப்பதில்லை என்று தமக்கு வாக்களிக்க இயலுமா என அவனைக் கேட்கிறார் கின்னஸ். சிறுவன் அழுதுவிடுகிறான். தாய் சினந்து, பிள்ளையிடம் பேசும் பேச்சா இது என்று கண்டித்து அவனை இழுத்துச் செல்கிறாள்.

கின்னஸின் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லோம். பிறர் சமைத்த மலிவான கனவுக்குள் ஒரு பிள்ளை வாழ்நாளெல்லாம் அடைந்து கிடந்துவிடக் கூடாதே என்னும் அச்சம் அவரிடம் இருந்தது. வளரும் பிள்ளைகளோடு பழகும் எவருக்கும் அவ்வச்சம் புரியும். ஆனால் ஒன்றையே நூறு தடவை நாடுவதை மட்டும் குற்றமாகக் கொள்வதற்கில்லை. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை நாள்தோறும் சொல்லும் வீட்டில் பிறந்த நாம், திரும்பத் திரும்ப என்பதைக் கேலி செய்யும் தகுதி உடையவர்கள் அல்லோம்! பாட்டி சொன்ன கதையையே மீண்டும் கேட்கும் பேரப்பிள்ளை கதையின் முடிவு தெரியாமலா கேட்கிறது?

ஆகவே சிறுவன் எதன்மீது பற்று வைத்தான் என்பதே நாம் ஆராய வேண்டுவது. உரையாடலின்மீது அன்று என்பது உறுதி. அது வறட்டு உரையாடலே, கின்னஸ் சொன்னது உண்மை. ஆயினும் படத்தில் ஓரிடம் உண்டு. பாலைவனக் குடிலில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் லூக், தன் தந்தை எவ்வாறு இறந்தார் என்று கேட்கிறான். கெனோபி உடனே விடை சொல்வதில்லை. ஒரு கணம் பார்வை தாழ்கிறது. முகத்தில் ஏதோ ஒரு நிழல் வந்து போகிறது. அதன் பின்னரே, தம் மாணவனாயிருந்த டார்த் வேடர் என்பவன் அவரைக் கொன்றுவிட்டான் என்கிறார். அந்த வேடரே லூக்கின் தந்தை என்னும் திருப்பம் 1980இல் வந்த இரண்டாம் படத்தில்தான் வெளிப்படுகின்றது. முதற்படம் எடுக்கப்பட்டபோது அவ்வுறவு திரைக்கதையில் இல்லை. எனினும் இன்று அக்காட்சியைக் காண்போர் ஒவ்வொருவரும், பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல மனம் வராமல் தவிக்கும் ஒரு முதியவரையே காண்கின்றனர். கதாசிரியருக்கே தெரியாத துயரத்துக்கு அந்த நடிகர் முன்கூட்டியே இடம் வைத்திருந்தார்! வறண்ட வரிகளுக்கிடையே அவர் இட்ட அந்த மௌனத்தைத்தான் சிறுவன் நூறு தடவை பார்த்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். அதைப் பார்க்காதே என்று அவனிடம் சொன்னவர், தம் கலையின் மிகச் சிறந்த வாசகனைத் துரத்திவிட்டார்.

கெனோபியின் இறப்பும் இவ்வகையினதே. தம் பழைய மாணவனோடு பொருதுகையில், தப்பியோட வேண்டிய லூக்கை ஒருமுறை பார்க்கிறார், இலேசாகப் புன்னகைக்கிறார், வாளை நிமிர்த்திப் பிடித்து அடியை ஏற்கிறார். உடல் மறைந்துவிடுகிறது. வெறும் அங்கி மட்டும் தரையில் சரிகிறது. வேடர் அதைக் காலால் தட்டித் தேடுகிறான். உள்ளே ஒருவரும் இல்லை. தம் பாத்திரம் இறந்துபட வேண்டும் என்று லூக்காஸிடம் வற்புறுத்தியவர் தாமே என்று கின்னஸ் பிற்காலத்தில் கூறினார். தம்மிடமிருந்து அகற்ற விரும்பிய பாத்திரத்துக்கு யாரும் மறக்க இயலாத முடிவொன்றை அளித்துவிட்டார் என்றே நாம் கொள்கிறோம்.

அந்த வெறும் அங்கியைக் கண்டபோது நமக்கு வேறோர் அங்கி நினைவுக்கு வந்தது. கின்னஸ் 1985இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பெயர் 'பிளெஸ்ஸிங்ஸ் இன் டிஸ்கைஸ்'. மாறுவேடத்தில் வந்த ஆசிகள் என்று பொருள் கொள்ளலாம். செஸ்டர்டன் படைத்த துப்பறியும் குருவான ஃபாதர் பிரௌனின் வேடத்தை 1954இல் வெளியான படத்தில் அவர் ஏற்றார். பிரான்சு நாட்டின் பர்கண்டி பகுதியில் படப்பிடிப்பு. ஒரு மாலை வேலை முடிந்து, கருப்பு அங்கியைக் களையாமலே இருள் கவிந்த சாலையில் தங்குமிடம் நோக்கி நடக்கிறார். பின்னால் ஓடிவரும் காலடி கேட்கிறது. ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அவரைக் குருவென்றே எண்ணி, கையைப் பற்றிக்கொண்டு, வழியெல்லாம் ஓயாது பேசியபடியே வருகிறான். தம் அரைகுறைப் பிரெஞ்சு பிள்ளையை மிரட்டிவிடுமோ என்று அஞ்சி இவர் வாய் திறக்கவேயில்லை. சற்றுத் தொலைவு வந்தபின் சிறுவன் மாலை வணக்கம் கூறி, வேலியில் இருந்த சந்து வழியே மறைந்துபோகிறான். முன்பின் அறியாத ஒரு பிள்ளை வெறும் உடுப்பைக் கண்டே இத்துணை நம்பிக்கை கொள்ளுமாயின், அவ்வுடுப்புக்குரிய திருச்சபையைப் பற்றித் தாம் கொண்டிருந்த ஐயங்கள் பொருந்தா என்று கின்னஸ் சிந்திக்கத் தொடங்கினார். 1956இல் கத்தோலிக்கரானார். அம்மனமாற்றத்துக்கு மகனின் நோய் முதலிய வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் இச்சாலை நிகழ்ச்சியை அவர் தனியே எடுத்துரைக்கிறார்.

அங்கி அணிந்த நமக்கு இது புதிதன்று. திருவிழாக் கூட்டத்தில் யாரென்றே தெரியாத பிள்ளை வந்து நம் விரலைப் பற்றியதுண்டு. அது பற்றியது நம்மை அன்று என்பதையும் அறிவோம். அத்தகைய வேளையில் கையை உதறிவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவர் யார்?

இரு சிறுவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். பர்கண்டிச் சிறுவன் நடிகரைக் குரு என்று தவறாக எண்ணினான். சான் பிரான்சிஸ்கோச் சிறுவனுக்கோ அத்தவறுகூட இல்லை. தன் முன் நிற்பவர் நடிகர் என்பதை நன்கறிந்தே வந்தான். முன்னவனின் பற்று கின்னஸின் வாழ்வையே திருப்பியது. பின்னவனின் பற்று அவருக்குச் சலிப்பூட்டியது. முன்னவனிடம் அவர் வாய் திறக்கவில்லை என்பதே பெரிய வேறுபாடு என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னவனிடம் ஆங்கிலம் தடையின்றி வந்துவிட்டது.

இவ்வளவு சொன்னபின், பற்று என்பது எல்லாவிடத்தும் தூயதே என்று நாம் வாதிடுவதாகக் கொள்ள வேண்டா. 1999இல் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய 'வெக்டர் பிரைம்' என்னும் புதினத்தில், ஹான் சோலோவின் தோழனான மயிரடர்ந்த சூபாக்கா, நண்பனின் மகனைக் காத்துவிட்டு இறக்கிறான். வாசகர்கள் எழுத்தாளர்மீது கடுஞ்சினம் கொண்டனர். வேடிக்கை என்னவெனில், லூக்காஸின் நிறுவனம் 2012இல் டிஸ்னியின் கைக்கு மாறியபின், 2014ஆம் ஆண்டு ஏப்ரலில், அதுவரை வந்த புதினங்கள் எவையும் அதிகாரப்பூர்வ வரலாற்றில் சேரா என்று அறிவிக்கப்பட்டது. இப்பிரிவினைக்கு இரசிகர்கள் வழங்கும் சொல் 'கேனன்' என்பது. நாம் திருமுறை என்கிறோமே, அதே சொல்! தோபித்து, யூதித்து நூல்களுக்காக நம் முன்னோர் வாதிட்ட வரலாற்றைப் படித்த நமக்கு அவர்தம் பூசல்கள் அயலாகத் தோன்றவில்லை. ஆக, 1999இல் சூபாக்காவுக்காக அழுதவர்களுக்கு, அவன் இறக்கவேயில்லை என்று 15 ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்டது. 2015இல் வந்த படத்தில் அவன் உயிரோடு நிற்க, ஹான் சோலோ தன் மகன் கையாலேயே மாண்டான். அழுத கண்ணீரை எந்த அறிவிப்பால் திரும்பப் பெறுவது?

சினம் எழுத்தாளரோடு நிற்கவில்லை. 1999இல் வந்த படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் கோமாளிப் பாத்திரத்துக்கு உயிரூட்டிய அகமது பெஸ்ட் என்பவர்மீது வசை பொழியப்பட்டது. தாம் உயிரையே மாய்த்துக்கொள்ள எண்ணிய நாள் ஒன்றுண்டு என்று அவர் 2018இல் வெளிப்படுத்தினார். அதே 2018இல் கெல்லி மேரி டிரான் என்னும் நடிகை, இனத்தையும் பெண்மையையும் இழித்த ஏச்சுகளுக்கு ஆளாகி, இன்ஸ்டாகிராமில் தாம் இட்டிருந்த பதிவுகளை நீக்கினார். இவர்களை ஏசியோர் தங்களை அக்கதையின் அன்பர்கள் என்றே கூறிக்கொண்டனர். தம் இளமையில் கண்ட உலகம் தமக்கே உரியது, அதில் யாரும் கைவைக்கலாகாது என்னும் உரிமை வெறி அது. அக்கதையே இதனைக் காட்டியிருக்கிறது. 2005இல் வந்த படத்தில் அனக்கின் என்னும் இளைஞன் தன் மனைவியை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தில் அவளைப் பற்றிக்கொள்ளப் பார்க்கிறான். அப்பிடியிலேயே அவளையும் தன்னையும் அழித்து வேடராகிறான்.

ஆயினும் கதையின் தீர்ப்பு அதோடு முடியவில்லை. பற்றை அறவே விலக்குக என்று கற்பிக்கும் ஜெடாய் ஆசான்கள் வேடரைக் கைவிட்டவர்கள். 1983இல் வந்த படத்தில் அவனை மீட்பது அவர்கள் அறிவுரையை மீறிய மகனின் பற்றே. லூக் வாளை எறிந்துவிட்டு, கொல்ல மறுத்து நிற்கிறான். முகமூடி கழற்றப்படும்போது உள்ளே இருப்பது நோயுற்று வெளிறிய ஒரு முதிய முகம். இம்முரணை லூக்காஸ் எங்கும் தீர்த்து வைக்கவில்லை. அது குறையென்பாரும் உளர். நாம் அதனைக் கதையின் நேர்மையாகவே கருதுகிறோம்.

1997இல் தென் கரோலினாவில் இரசிகர்கள் '501ஆம் படையணி' என்றொரு குழுவைத் தொடங்கினர். கதையில் கொடுங்கோலனின் படைவீரர் அணியும் வெள்ளைக் கவசத்தைத் தம் கைப்பொருள் செலவிட்டுச் செய்து அணிந்து, நோயுற்ற பிள்ளைகளைக் காண மருத்துவமனைகளுக்குச் செல்வது இவர்கள் வழக்கம். கவசத்துக்குள் இருப்பவர் யார் என்று படுக்கையில் கிடக்கும் பிள்ளை கேட்பதில்லை. அகமது பெஸ்டும் 2023இல் 'தி மேண்டலோரியன்' தொலைக்காட்சித் தொடரில் திரும்பி வந்தார். ஜெடாய் அங்கி அணிந்து, கொலைக்களத்திலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தப்பும் வேடம் அவருக்கு. இருபதாண்டுகளுக்கு முன் அவரை வெறுத்த கூட்டம் எழுந்து நின்று வரவேற்றது.

சிறுவனின் தாய் சினந்ததில் நியாயம் இருக்கலாம் என்று கின்னஸும் அந்நூலில் ஒப்புக்கொள்கிறார். அதற்காகவே அவரை இன்னும் நேசிக்கிறோம். நம் இளைஞரோ விடுமுறைதோறும் தவறாமல் நம்மை வந்து காண்கிறார். வேலை, பிள்ளைகள் படிப்பு, கோவில் கூரை என எல்லாம் பேசுகிறார். அந்தப் படங்களைப் பற்றி மட்டும் அதன்பின் ஒரு சொல்லும் எடுத்ததில்லை. வரும் கிறிஸ்து பிறப்புக்கு அவர் வரும்போது, பாலைவனக் குடிலில் அம்முதியவர் பேசாதிருந்த அந்த ஒரு கணத்தைப் பற்றி நாமே அவரிடம் கேட்கலாம் என்றிருக்கிறோம்.